வாங்கிய சில மாதங்களிலேயே கணினி பழசாகிவிடுகிறதா? எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: ஆல்பக் கூடம் (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் சிறிய கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். 2024 பிப்ரவரியில், மாசி முகூர்த்த வேலைகள் குவிவதற்கு முன்பாக, இன்டெல் கோர் அல்ட்ரா 7 155எச் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி கொண்ட லேப்டாப் ஒன்றை 1,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த ப்ராசஸர் வரிசை 2023 டிசம்பரில்தான் வெளிவந்திருந்தது. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்றே ‘என்பியு’ என்ற தனிப் பகுதி உள்ள ‘ஏஐ பிசி’ இது என்றும், இன்னும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்றும் கடையில் உறுதியாகச் சொன்னார்கள்.

அதே ஆண்டு மே மாதம் ‘கோபைலட் பிளஸ் பிசி’ என்ற புதிய வகையை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த வகையில் சேர வேண்டுமானால் என்பியு குறைந்தது 40 டாப்ஸ், அதாவது நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்குகள் செய்யும் வேகம் கொண்டிருக்க வேண்டும். என் லேப்டாப்பில் இருப்பது ஏறத்தாழ 11 டாப்ஸ். விண்டோஸில் அந்த வகைக்கென்று வந்த புதிய வசதிகள் எவையும் என் கணினிக்குக் கிடைக்காது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது பக்கங்கள் அதிகமுள்ள ஆல்பங்களைத் திறந்து வேலை செய்யும்போது ஃபோட்டோஷாப் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. ஓரளவு விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டுப் புதியது வாங்கிவிடு என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். என் கணினி உண்மையிலேயே காலாவதியாகிவிட்டதா? இதற்கிடையே என் மகள் வருகிற கல்வியாண்டில் கணினி அறிவியல் பொறியியலில் சேர இருக்கிறாள். அவளுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்க வேண்டும். வாங்கும் பொருள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை வாங்கும்போதே அறிய ஏதாவது வழி இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: சர்வீஸ் பெஞ்ச் (சென்னை)

வணக்கம் நண்பரே. ரிச்சி தெருப் பக்கம் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். உங்கள் நண்பர் சொல்வதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கணினியை மிஞ்சும் மாடல் சந்தைக்கு வருவதும், அந்தக் கணினி வேலைக்கு உதவாமல் போவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல; இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகள் கிடக்கின்றன.

நான் நன்றாக அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். இன்டெல்லின் ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் 2017 ஜனவரியில் வந்தன. அதே ஆண்டு அக்டோபரிலேயே எட்டாம் தலைமுறை வந்துவிட்டது. அதுவரை நான்கு கோர்களோடு (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளோடு) நின்றிருந்த வழக்கமான டெஸ்க்டாப் ஐ7 ப்ராசஸர், ஒரே தாவலில் ஆறு கோர்களுக்குப் போனது. மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் பார்ப்பதற்கு அதே 1151 ஊசிகள் கொண்டதுதான் என்றாலும், பழைய போர்டில் புதிய ப்ராசஸரைப் போட முடியாது என்று இன்டெல் அறிவித்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் வாங்கியவர்கள் எவ்வளவு வருந்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, மிகச் சில மாடல்கள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளப்படும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. இருந்தும் அந்த ஏழாம் தலைமுறைக் கணினிகள் விண்டோஸ் 10-இல் 2025 அக்டோபர் 14 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பெற்றுக்கொண்டுதான் இருந்தன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கவும் பட்டது. ஒன்பது மாதத்தில் பின்தள்ளப்பட்ட கணினி எட்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது. இன்றும் அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, உலர்ந்து சுண்ணாம்பு போல உதிரும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவி, லினக்ஸ் நிறுவிக் கொடுக்கிறேன். கணக்கு எழுதவும் பில் போடவும் அது தாராளமாகப் போதும்.

இனி உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். 40 டாப்ஸ் தகுதியைத் தொட்ட முதல் இன்டெல் ப்ராசஸர், கோர் அல்ட்ரா 200வி வரிசை, 2024 செப்டம்பரில் வந்தது. பேட்டரி நெடுநேரம் நிற்பதிலும், உடன் அமைந்த கிராபிக்ஸிலும் அது உங்களுடையதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் 8 கோர்கள், 8 த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை இழைகள்). உங்கள் 155எச்-இல் 16 கோர்கள், 22 த்ரெட்டுகள். கேமராவின் மூலப் படங்களான ரா கோப்புகளை நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் ஜேபெக்காக மாற்றும் வேலையில் எல்லாக் கோர்களும் இறங்கி உழைக்கும் என்பதால், அங்கே உங்களுடையதுதான் முந்தும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தப் புதிய வரிசையில் ரேம் ப்ராசஸரோடு ஒரே சிப் பொதியில் பதிக்கப்பட்டு வருகிறது; 16 அல்லது 32 ஜிபி, அவ்வளவுதான். பின்னாளில் ஒரு ஜிபி கூடச் சேர்க்க முடியாது. ஆல்பம் வேலை செய்கிற ஒருவர் ‘புதியது’ என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு மாறினால், தன் தொழிலுக்கு மிகவும் தேவையான வசதியை விட்டுக்கொடுத்ததாகவே ஆகும்.

கோபைலட் பிளஸ் வசதிகள் கிடைக்காததால் உங்கள் தொழிலுக்கு என்ன இழப்பு என்றும் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தவற்றைப் பின்னர் தேடி எடுக்கும் ‘ரீகால்’, பேசுவதை உடனுக்குடன் மொழிபெயர்த்து எழுத்தில் காட்டுவது, பெயின்டில் படம் வரைந்து தருவது போன்றவைதாம் அவை. நீங்கள் ஃபோட்டோஷாப்பில் பயன்படுத்தும் ஜெனரேட்டிவ் ஃபில் அடோபியின் சர்வரில் நடக்கிற வேலை. லைட்ரூமின் டினாய்ஸ் கிராபிக்ஸ் பகுதியை நம்பி ஓடுகிறது. ஆக, நீங்கள் கவலைப்படுகிற அந்த 11 டாப்ஸ் பகுதி உங்கள் அன்றாட வேலையில் கிட்டத்தட்டத் தொடப்படுவதே இல்லை.

ஃபோட்டோஷாப் நின்று நின்று ஓடுவதற்குக் காரணம் 16 ஜிபி ரேம்தான் என்று கருதுகிறேன். பல அடுக்குகள் கொண்ட பிஎஸ்டி கோப்புகள் நான்கைந்தைத் திறந்தவுடன் ரேம் நிரம்பிவிடும். அதன் பிறகு ஃபோட்டோஷாப் எஸ்எஸ்டியில் தற்காலிகக் கோப்பாக எழுதி எழுதிப் படிக்கும். எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வேலை தடுமாறும் அந்த நேரத்தில் மெமரி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அதே பக்கத்தில் கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை என்ன காட்டுகின்றன என்பதையும் இங்கே எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர் (திருவண்ணாமலை)

தம்பி, உங்கள் மனக்குறை நியாயமானதுதான். பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் கணினிப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் ஒப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

கணினி வேகமாகப் பழசாகும் என்ற அச்சம் நம்மிடம் ஊறிப்போனதற்கு 1990-களே காரணம். 1993-இல் வந்த பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் அதைத் தொடர்ந்து இன்டெல்லும் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. ஏழே ஆண்டுகளில் கடிகார வேகம் மட்டுமே பதினைந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. எங்கள் ஆய்வகத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்புதல் பெற்று, பெட்டிகள் வந்து இறங்குவதற்குள் அந்த மாடல் விலைப்பட்டியலின் அடியில் போயிருக்கும். அன்றைக்கு மூன்று ஆண்டுக் கணினி உண்மையாகவே கிழடுதான். புதிய மென்பொருள் அதில் நிறுவிக்கொள்ளவே மறுக்கும்.

பிறகு நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே போகும்போது, அதே பரப்பளவு உறிஞ்சும் மின்சாரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் காட்டிய வழி, 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடைபட்டுப்போனது. மின்கசிவும் வெப்பமும் தாங்க முடியாத அளவுக்குப் போயின. 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்த இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004-இல் கைவிட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 2024-இல் வந்த மிக வேகமான டெஸ்க்டாப் ப்ராசஸரின் உச்ச வேகம் 6.2 கிகாஹெர்ட்ஸ். இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஒரு சிப்பில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965-இல் எழுதி, 1975-இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று திருத்தியவர் கோர்டன் மூர். அவர் சொன்ன எண்ணிக்கை அதன் பிறகும் உயர்ந்துகொண்டுதான் வந்தது. ஆனால் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் கோர்களாகவும், கேஷ் நினைவகமாகவும், உங்கள் என்பியு போன்ற தனிப் பகுதிகளாகவும் மாறின. அவற்றைப் பயன்படுத்தும் மென்பொருளை நீங்கள் ஓட்டினால் பலன் உண்டு, ஓட்டாவிட்டால் இல்லை. எல்லா வேலையையும் தானாகவே வேகமாக்கிய அந்தக் காலம் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊரில் வளர்ந்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஆடம் ஆஸ்போர்ன் இரமண மகரிஷியின் அடியவரான ஆர்தர் ஆஸ்போர்னின் மகன். சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தவர். 1981-இல் அவர் நிறுவனம் கொண்டுவந்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிச் செல்லும்படி அமைந்து சந்தையில் வெற்றி கண்ட முதல் கணினி. எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். அது நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, 1983-இல், அடுத்து வரவிருக்கும் மேலான மாடலைப் பற்றிய பேச்சு வெளியே பரவியது. விற்பனையாளர்கள் கொடுத்திருந்த ஆர்டர்களை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. போட்டி நிறுவனங்களின் மலிவான கணினிகளும் ஒரு காரணம் என்பார்கள்; எனினும், அடுத்த மாடலின் அறிவிப்பு இப்போதுள்ள மாடலைக் கொன்றுவிடுவதற்கு இன்றுவரை அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

அறிவிப்பு வந்த மறுநாள் ஆஸ்போர்ன் 1 எந்த வேலையையும் குறைவாகச் செய்யவில்லை. உங்கள் லேப்டாப்பும் 2024 மே மாதத்துக்குப் பிறகு எதையும் குறைவாகச் செய்யவில்லை, தம்பி.

பதில்: முப்பரிமாணம் (கோவை)

ஆசிரியர் ஐயாவின் வரலாற்றையும் சர்வீஸ் பெஞ்ச் அண்ணன் சொன்னதையும் மதிக்கிறேன். ஆனால் கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் இந்த ஆறுதல் பொருந்தாது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கட்டட வடிவமைப்பாளர்களுக்கு முப்பரிமாணக் காட்சிகள் செய்து தருவது என் தொழில்.

2017 மார்ச்சில் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி நினைவகம் கொண்ட அன்றைய உச்ச மாடல். 2019 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 2060, அதைவிட மெதுவானது. நினைவகமும் 6 ஜிபிதான். இன்று எது உயிரோடிருக்கிறது? ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் ‘ரே டிரேசிங்’ முறைக்கான வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கும் பெரிய விளையாட்டுகள் 2024 இறுதியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் வெளியீடுகளை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டில் கணக்கீட்டு வேலைகளை ஓட்ட என்விடியா தரும் மென்பொருளான கூடாவின் 13-ஆம் பதிப்பு, 2025-இல் வந்தபோது, பாஸ்கலை முற்றிலும் கைவிட்டது. மாறாக, 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் மேம்பட்ட படப்பெருக்கம் (குறைந்த தெளிவில் வரைந்த காட்சியைப் பெரிதாக்கும் நுட்பம்) 2060-க்கும் கிடைக்கிறது. வேகமான கார்டு தோற்று, புதிய வகைப் பகுதி உள்ள கார்டு நிலைத்திருக்கிறது. என்பியு விஷயத்திலும் நாளை இதுவே நடக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மகள் கணினி அறிவியல் படிக்கப் போகிறாள் என்கிறீர்கள். எந்திரக் கற்றல் பாடம் வரும்போது கூடா தேவைப்படும். மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் 1080 டிஐ போன்ற ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டை எக்காரணம் கொண்டும் வாங்கிவிடாதீர்கள்.

பதில்: கணக்கர் (ஈரோடு)

வரி விஷயத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 விழுக்காடு. வாங்கிய நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. நீங்கள் 2024 பிப்ரவரியில் வாங்கியதால் முதல் ஆண்டு 20 விழுக்காடு கழிந்து 88,000. அடுத்த ஆண்டு முடிவில் 52,800. 2026 மார்ச் 31-இல் 31,680 ரூபாய். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை லேப்டாப், டெஸ்க்டாப்புகளுக்குத் தரும் ஆயுள் 3 ஆண்டுகள், சர்வர்களுக்கு 6 ஆண்டுகள். நீங்கள் விற்றுவரவில் ஒரு பங்கை அப்படியே வருமானமாகக் கொள்ளும் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. ஏட்டில் மதிப்பு குறைந்துவிட்டது என்பதற்காகக் கணினியை மாற்றுபவர்களைப் பார்க்கிறேன். சட்டத்தின் மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதுவதற்கான அளவு. உங்கள் கூடத்தில் அது எத்தனை ஆண்டு உழைக்கிறதோ, அத்தனை ஆண்டும் உங்களுக்கு லாபம்தான்.

பதில்: ஆல்பக் கூடம் (மதுரை)

அனைவருக்கும் நன்றி. முப்பது பக்க ஆல்பம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். மெமரி 96 விழுக்காட்டில் நின்றது. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘சோடிம்’ என்றும், ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் ‘1 ஆஃப் 2’ என்றும் காட்டுகிறது. விற்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மகளுக்கு வாங்கும் டெஸ்க்டாப்பைப் பற்றியும் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

பதில்: சர்வீஸ் பெஞ்ச் (சென்னை)

நல்ல செய்தி. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காட்டியிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்று பொருள். ‘சோடிம்’ என்பது கழற்றி மாற்றக்கூடிய ரேம் குச்சி; உங்களுடையதில் ஒரு ஸ்லாட் காலியாகவும் இருக்கிறது. டிடிஆர்5 5600 சோடிம் 16 ஜிபி ஒன்று போட்டால் 32 ஜிபி ஆகிவிடும். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதே காரணம். குருஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வணிகத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வாங்கிய கணினிப் பொருளின் விலை ஏறுவதை நம் தொழிலில் அரிதாகத்தான் பார்க்கிறோம். ஆகவே 64 ஜிபி என்று கனவு காணாமல், இப்போதைக்கு ஒரே ஒரு 16 ஜிபி வாங்குங்கள்.

கோவைத் தம்பி சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்கு வேறு கணக்கு. ஆனால் 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தபோது, ரே டிரேசிங்கைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. அது கட்டாயமாவதற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. என்பியுவும் ஒருநாள் கட்டாயமாகலாம். அந்த நாளில் இன்றைய 40 டாப்ஸ் போதுமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. தேவை கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதற்குரியதை வாங்கினால் போதும்.

மகளின் டெஸ்க்டாப்புக்கும் அதே அளவுகோல்தான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் வாங்கிய போர்டுகளிலேயே, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துகொண்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை போட முடிந்தது. அதற்கு அடுத்த ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது; குறைந்தது 2027 வரை அதற்குப் புதிய ப்ராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எனவே நான்கு ரேம் ஸ்லாட்டுகள் உள்ள, ஏஎம்5 சாக்கெட் கொண்ட பி650 போர்டு, 650 வாட் தரமான பவர் சப்ளை ஆகிய இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். ப்ராசஸரில் நடுத்தர ரைசன் 5 போதும். ரேம் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்குங்கள். இரண்டாகப் போடுவதைவிட வேகம் சற்றுக் குறையும், ஆனால் விலை இறங்கும்போது இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். ப்ராசஸர் பெயர் ‘எஃப்’ என்று முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப் இல்லாத 7000 வரிசை ரைசனில் சிறிய கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் சி, பைத்தான், ஜாவா எழுதுவதற்கு அதுவே தாராளம். மூன்றாம் ஆண்டில் எந்திரக் கற்றல் பாடம் எடுத்தால், அப்போது கூடா ஆதரவோடு விற்பனையில் இருக்கும் கார்டை வாங்கிச் செருகிக்கொள்ளட்டும்.